குழுவின் சொல்லும் ஊரின் தீர்ப்பும்

எனக்கு ஏழு வயதிருக்கும். இறக்காமத்தில் எங்கள் வயற்களத்தில் அன்று உழவு இயந்திரத்தால் சூடு மிதித்துக்கொண்டிருந்தார்கள். குவியலைப் பார்த்து நின்ற நான், "நெல்லு முடிஞ்சிதா?" என்று உரக்கக் கேட்டேன். என் பாட்டனார் ஓடிவந்து என் வாயைப் பொத்தினார். களத்திலே நெல்லை நெல்லென்று சொல்லலாகாது. பொலி என்றே சொல்லவேண்டும். முடிந்தது என்ற சொல்லோ அங்கு எழவே கூடாது. சொன்னால் பூதம் அறிந்துகொள்ளும், விளைச்சலை அள்ளிச் சென்றுவிடும் என்பது முன்னோர் நம்பிக்கை. ஐவேளை தொழுத பாட்டனார் பூதத்தை நம்பினாரா என்று கேட்டால், நம்பினார் என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் களத்தில் இறங்கினால் களத்துச் சொல்லைத்தான் பேசினார். தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வயல் செய்யும் எங்கள் பகுதியில் இவ்வழக்கு இருசாராருக்கும் பொதுவாகவே இருந்து வந்தது. இன்று அறுவடை இயந்திரம் வயலிலேயே வெட்டி அடித்துத் தூற்றிச் சாக்கில் கொட்டிவிடுகிறது. பொலி என்ற சொல்லுக்கு அங்கு வேலையில்லை.

பல்கலைக்கழகம் வந்து நன்னூல் படித்தபோது இதற்கு இலக்கணமும் உண்டு என அறிந்தேன். ஒரு கூட்டத்தார் தமக்குள் வழங்கும் சொல்லைப் பவணந்தியார் குழூஉக்குறி என்று தகுதி வழக்கின் ஒரு வகையாக வைத்தார். பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பதையும், வேடர் கள்ளைச் சொல்விளம்பி என்பதையும், யானைப்பாகர் ஆடையைக் காரை என்பதையும் உரைகாரர் உதாரணம் காட்டுவர். பொற்கொல்லன் தன் தோழனிடம் "பறி" என்று சொல்லும்போது பக்கத்தில் நிற்கும் வாடிக்கையாளன் பொருளறியாமல் நிற்பான். அதில் ஒரு சிறு தந்திரம் இருக்கலாம். அதற்காக எவரும் ஊரை விட்டு விலக்கப்பட்டதாக இலக்கணம் கூறவில்லை.

ஆனால் குழுவின் சொல் பொன்னையோ நெல்லையோ அல்லாமல், இறைவனையும் மனிதனையும் குறிக்கும்போது என்ன நிகழ்கின்றது? அச்சொல்லின் பொருளை யார் தீர்மானிப்பது? சொன்னவரா, கேட்டவரா, அல்லது நெடுங்காலமாக அச்சொல்லைக் காத்து வந்த அறிஞர் கூட்டமா? இக்கேள்வி எனக்கு நூலகத்தில் தோன்றியதன்று. எங்கள் வீட்டு முற்றத்தில் தோன்றியது.

களத்தில் என் வாயைப் பொத்திய அதே பாட்டனார் ஒரு தரீக்காவில் பைஅத் பெற்றவர். வியாழன் இரவுகளில் ராத்திபு மஜ்லிஸுக்குப் போவார். அங்கு கேட்ட சொற்கள் அவர் வாயில் தங்கியிருந்தன: ஹால், மகாம், பனா, பகா. மழை பெய்தாலும், மாடு செத்தாலும், பெருமூச்சோடு அவர் சொல்லும் வாசகம் ஒன்றுண்டு: "எல்லாம் அவனே." வெளிநாட்டில் மார்க்கக் கல்வி கற்றுத் திரும்பிய என் சிறிய தந்தையாருக்கு இது நெருப்பாகச் சுட்டது. படைப்பையும் படைத்தவனையும் ஒன்றாக்கும் சொல் இது, இதைச் சொல்பவர் இஸ்லாத்தின் எல்லையைக் கடந்துவிட்டார் என்றார். பாட்டனாரோ, "இது அவனுக்கு விளங்காது" என்பதற்கு மேல் எதுவும் பேசவில்லை. அவ்வருட ஹஜ்ஜுப் பெருநாளில் பாட்டனார் அறுத்த குர்பான் இறைச்சியைச் சிறிய தந்தையார் வீட்டில் வாங்கவில்லை. மார்க்கத்தை விட்டவர் அறுத்தது ஆகுமானதன்று என்பது அவர் கற்ற சட்டம். அச்சட்டத்தின்படி பார்த்தால் காரியம் இறைச்சியோடு நிற்பதுமில்லை. திருமணம் முறியும், மையவாடியில் இடம் இல்லாமற் போகும். ஒரு சொல்லுக்கு இத்தனை பாரம் உண்டா என்று அன்று திகைத்தேன்.

இந்த வாசகத்தின் பின்னால் நிற்பது "வஹ்ததுல் வுஜூத்" என்ற கலைச்சொல். இலங்கைத் தமிழில் "உள்ளமை ஒன்று" எனப் பெயர்த்து வழங்குகின்றனர். 1165இல் ஸ்பெயினின் முர்சியாவில் பிறந்து 1240இல் திமிஷ்கில் மறைந்த இப்னு அரபியின் பெயரோடு இது பிணைக்கப்பட்டுள்ளது. விந்தை என்னவெனில், அவருடைய நூல்களில் இத்தொடர் ஒரு கலைச்சொல்லாக ஆளப்படவில்லை. பின்வந்த மாணவ பரம்பரையினரும், அவர்களைக் கண்டித்த இப்னு தைமிய்யா போன்றோருமே இதனைக் கொள்கைப் பெயராக நிலைநிறுத்தினர். அதாவது, சச்சரவின் மையமாக உள்ள சொல்லையே அதற்காக ஏசப்படுபவரும் ஏத்தப்படுபவரும் ஆன அம்மனிதர் உருவாக்கவில்லை. மேலும் அரபியில் "வுஜூத்" என்ற சொல் "வஜத" என்ற வினையிலிருந்து வருவது; அவ்வினைக்குக் கண்டடைதல் என்பது அடிப்படைப் பொருள். உளதாதல் என்றும் கண்டடைதல் என்றும் இரு நிழல்கள் விழும் ஒரு சொல்லைத் தமிழில் "உள்ளமை" என்று பெயர்த்தவுடன் ஒரு நிழல் மறைந்துபோகிறது. ஞானவாதி கண்டடைதலைப் பற்றிப் பேச, கேட்பவர் உளதாதலைப் பற்றி வழக்குத் தொடுக்கிறார்.

பாரசீக மொழியில் இவ்வழக்கை இரு சிறு வாக்கியங்களாகச் சுருக்கினர். "ஹம ஊஸ்த்" என்றால் எல்லாம் அவன். "ஹம அஸ் ஊஸ்த்" என்றால் எல்லாம் அவனிடமிருந்து. 1624இல் மறைந்த ஷெய்கு அஹ்மத் சிர்ஹிந்தி முதலாவதை விட்டு இரண்டாவதை நோக்கித் தம் மாணவரைத் திருப்பினார். ஒன்றாகத் தோன்றுவது காண்பவனின் காட்சியிலேயே, பொருளின் உண்மையிலன்று என்பது அவர் விளக்கம். இடையில் நிற்பது ஒரேயொரு சிறு சொல், "அஸ்". தமிழிலும் அப்படித்தான்: "எல்லாம் அவனே" என்பதற்கும் "எல்லாம் அவனாலே" என்பதற்கும் இடையில் உள்ளது ஒரு வேற்றுமை உருபு மாத்திரமே.

இங்கு தமிழ்த்துறை மாணவன் ஒருவனுக்குச் சும்மா இருக்க இயலாது. "அவனே" என்பதிலுள்ள ஏகாரம் எது? தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என ஏகாரத்திற்கு ஐந்து பொருளைத் தொல்காப்பியம் கூறுகிறது. பிரிநிலையாகக் கொண்டால், அவனைத் தவிர வேறெதுவும் இல்லை என்றாகும், வழக்கு எழும். தேற்றமாகக் கொண்டால், நிச்சயமாக அவன்தான் என்று ஆறுதல் கொள்ளும் ஒரு முதியவரின் பெருமூச்சாகும். ஈற்றசையாகவே கொண்டால் வழக்கே இல்லை! மூலச்சொல் அரபியில் பிறந்து, பாரசீகத்தில் வளர்ந்து, கிழக்கிலங்கைத் தமிழின் ஏகாரத்தில் ஏறி வந்திருக்கிறது. எந்த மொழியின் இலக்கணப்படி அதனை விசாரிப்பது?

விளையாட்டாக எழுதினேனாயினும் இது விளையாட்டன்று. 1979ஆம் ஆண்டு அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா, காத்தான்குடி மௌலவி ஒருவர் இக்கொள்கையைப் போதித்ததன் பேரில், அவர் மார்க்கத்தை விட்டு வெளியேறியவர் என்று பத்வா வழங்கியது. அவர் பெயரை ஊரறியும். இக்கட்டுரைக்கு அது வேண்டியதில்லை. 2006 டிசம்பரில் அதே ஊரில் மற்றொரு ஞான வட்டத்தின் தலைவர் காலமானபோது அவருடைய அடக்கம் குறித்துக் கலவரம் மூண்டது. அடக்கப்பட்ட உடல் தோண்டியெடுக்கப்பட்டது. இரு தரப்பும் தத்தம் நியாயங்களைத் துண்டுப்பிரசுரங்களிலும் ஒலிபெருக்கிகளிலும் சொல்லின. அவற்றின் மார்க்கத் தகுதியைத் தீர்ப்பது என் தகைமைக்கு அப்பாற்பட்டது. நான் கவனிப்பது வேறொன்றை: இருசாராரும் "தௌஹீத்" என்ற ஒரே சொல்லின் பேரால் நின்றனர். ஒருவருக்கு அது உள்ளதெல்லாம் ஒன்று என்பது. மற்றவருக்கு அது வணங்கத்தக்கவன் ஒருவன், அவனோடு எதையும் சேர்க்காதே என்பது.

குழுவுக்குத் தனிச்சொல் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டா? உண்டு என்பதே என் எண்ணம். 1045–46 அளவில் தம் "ரிஸாலா"வை எழுதிய இமாம் குஷைரி, ஒவ்வொரு கலையாருக்கும் தமக்குள் வழங்கும் சொற்கள் உண்டென்றும், சூபிகள் தம் சொற்களைத் தமக்குள் பொருள் தெளிவாகவும், தம் வழியில் இல்லாதார்க்கு மறைவாகவும் இருக்கும்படி அமைத்துக்கொண்டனர் என்றும் ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்டவர் அடுத்துச் செய்ததே முக்கியமானது: அச்சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து எவரும் படிக்கக்கூடிய நூலில் பொருள் எழுதிவைத்தார். நம் சித்தர் பரிபாஷைக்கும் அகராதிகள் தோன்றியுள்ளன. குணங்குடி மஸ்தான் சாகிபு மனோன்மணி என்று பெண்ணாக விளித்துப் பாடுவது யாரை என்று எங்கள் ஊர்ப் புகஹ்ராக்களைக் கேட்டால் திண்ணையில் அமர்ந்து விளக்கம் சொல்வர். கேட்டவர் அதனை ஏற்காமல் எழுந்து போனாலும் கோபிக்கமாட்டார்கள்.

மறைத்தலும் விளக்குதலும் சேர்ந்திருக்கும் இந்நிலை எல்லா வட்டங்களிலும் இருப்பதில்லை. இதற்கு நம் சமயங்களுக்கு வெளியே ஓர் எடுத்துக்காட்டைத் தருவது நன்று. நம் ஊர்க் கோபதாபங்கள் அதில் கலவா. அமெரிக்காவில் எல். ரொன் ஹபார்ட் 1950இல் "டயனெடிக்ஸ்" என்ற நூலை வெளியிட்டார். சில ஆண்டுகளில் அதிலிருந்து சயன்டோலஜி என்ற இயக்கம் ஒரு திருச்சபையாக எழுந்தது. அதன் தலைமைச் சொற்களுள் ஒன்று "கிளியர்", அதாவது தெளிந்தவர். நூல் சொன்னபடி, மனத்திலுள்ள பழைய நோவுகள் நீங்கித் தெளிந்தவருக்குக் குறைவற்ற நினைவாற்றல் இருக்கும். 1950 ஆகஸ்டில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் பெரும் கூட்டத்தின் முன் ஓர் இளம்பெண் தெளிந்தவராக நிறுத்தப்பட்டார். ஹபார்ட் திரும்பி நின்றபோது அவர் அணிந்திருந்த கழுத்துப்பட்டியின் நிறம் என்ன என்று அவையோர் கேட்டனர். அப்பெண்ணால் சொல்ல முடியவில்லை. 1966இல் ஜோன் மக்மாஸ்டர் என்பவர் உலகின் முதலாவது தெளிந்தவர் என்று அறிவிக்கப்பட்டார். அப்படியாயின் 1950இல் மேடையேறியவர் யார்? சொல் அப்படியே இருந்தது. பொருள் மட்டும் இடம் பெயர்ந்துவிட்டது. அச்சொல்லை நம்பிப் பணமும் காலமும் கொடுத்தவர் கையில் எப்பொருள் எஞ்சியது என்று கேட்பது தகும்.

இதனினும் கூர்மையான எடுத்துக்காட்டு மற்றொன்று உண்டு. அவ்வியக்கத்தை எதிர்ப்போரை "ஒடுக்குநர்" எனப் பொருள்படும் சொல்லால் குறித்தனர். அத்தகையோரை "வேட்டைக்குரியவர்" என்று அறிவிக்கும் வழக்கம் ஒன்று 1960களில் இருந்தது. 1968 ஒக்டோபரில் ஹபார்ட், இனி எவரையும் அப்பெயரால் அறிவிக்கக்கூடாது, அது பொதுமக்களிடம் கெட்ட பெயரைத் தேடித்தருகிறது என்று ஆணையிட்டார். அதே ஆணையில், ஒடுக்குநரை நடத்தும் முறை பற்றிய விதிகள் எவையும் இதனால் நீங்கா என்றும் எழுதினார். வழக்கம் ஒழிந்தது என்று இயக்கத்தார் இதனைக் காட்டினர். சொல் ஒழிந்தது, செயல் ஒழியவில்லை என்று பிரிந்து சென்றோர் இதே ஆணையைக் காட்டினர். நான்கு வரித் தாளொன்று இருவருக்கும் சான்றாயிற்று. இங்கு அகராதி உதவாது. அப்பெயர் சூட்டப்பட்டவருக்கு நேர்ந்தது என்ன என்பதைப் பார்த்தாலன்றி அச்சொல்லின் பொருள் விளங்காது.

அவ்வியக்கத்தின் கல்விமுறையில் ஒரு கோட்பாடு இருக்கிறது: படிப்பவன் குழம்புவதற்கும் படிப்பைக் கைவிடுவதற்கும் காரணம், பொருளறியாத ஒரு சொல்லைத் தாண்டிச் சென்றதே. திரும்பிச் சென்று அகராதி பார்க்கவேண்டும். முதலில் வாசித்தபோது நல்ல ஆசிரியரின் அறிவுரை என்றே இதனை எண்ணினேன்; அகராதியைப் புரட்டுவது யாருக்கும் தீங்கன்று. பின்னர்தான் அதில் ஒரு கதவு இல்லாதது தென்பட்டது. "சொல் விளங்கிற்று, கருத்துத்தான் எனக்கு உடன்பாடில்லை" என்று ஒருவன் சொல்லி வெளியேற அங்கு வழி ஏது? உடன்படாமையே விளங்காமையின் அறிகுறியானால், விளங்கியவர் அனைவரும் உடன்பட்டவராகவே இருப்பர். இதைப் படித்த இரவில் "இது அவனுக்கு விளங்காது" என்ற என் பாட்டனாரின் வாசகம் நினைவுக்கு வந்து என்னை வருத்தியது. அவரை அந்த இயக்கத்தோடு ஒப்பிட மனம் கூசுகிறது; அவர் எவரையும் விலக்கியவரல்லர், விலக்கப்பட்டவர். எனினும் அவ்வாசகம் அவரையும் ஒரு சுவருக்குள் வைத்தது என்பதை மறுக்க இயலவில்லை.

வெளியில் நிற்போர் மீது குறையில்லையா? பெருங்குறை உண்டு. 2019 ஏப்ரல் தாக்குதல்களுக்குப் பின்னர் "தௌஹீத்" என்ற சொல் இந்நாட்டில் என்ன பாடுபட்டது என்பதை நாமறிவோம். ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக இறைவனின் ஒருமையைக் குறித்த சொல் சில நாட்களில் ஒரு பயங்கரவாதக் குழுவின் சுருக்கப்பெயராகச் செய்திகளில் ஒலித்தது. 2020 மே மாதத்தில் அஹ்னாப் ஜஸீம் என்ற இளம் ஆசிரியர், 2017இல் தாம் வெளியிட்ட "நவரசம்" என்ற தமிழ்க் கவிதை நூலின் காரணமாகப் பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ்க் கைதானார். கவிதை வரிகள் தீவிரவாதமாக வாசிக்கப்பட்டன. 2021 டிசம்பரில் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரிலேயே புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. உவமையை உவமையாக வாசிக்கத் தெரியாமை ஒரு மனிதனின் வாழ்விலிருந்து ஒன்றரை ஆண்டுச் சிறையையும், அதன்பின் ஈராண்டு வழக்கலைச்சலையும் எடுத்துக்கொண்டது. வெளியார் தம் அகராதியைக் கொண்டு உள்ளார் சொல்லைத் தீர்ப்பதன் விலை இது.

ஆகவே வட்டத்தார் கூறும் பொருளே முடிவானது என்று விட்டுவிடுவதா? அதுவும் தகாது. மேற்கண்ட நிகழ்ச்சிகளை மீண்டும் மீண்டும் எண்ணி நான் வந்தடைந்த இடம் இது: ஒருவர் தம் உள்ளத்தைக் குறிக்க ஒரு சொல்லை ஆளும்வரை, அதன் பொருள் அவருடையது, அவரைக் கேட்டே அறியவேண்டும். அதே சொல் மற்றொருவர் மீது விழும்போது, அதாவது அவரைக் கட்டுப்படுத்தவோ, விலக்கவோ, அவரிடம் பணமோ பணிவோ பெறவோ பயன்படும்போது, அதன் பொருளைச் சாதாரணத் தமிழில் அவர் முன் வைக்கும் கடமை பிறக்கிறது. வைத்த பின் அவர் மறுக்கவும் இடமிருக்கவேண்டும். "ஷைகு" என்ற சொல்லும் "முர்தத்" என்ற சொல்லும் இவ்வகையில் ஒரே தராசில் நிற்கின்றன. முந்தியது கீழ்ப்படியக் கேட்கிறது. பிந்தியது வெளியே தள்ளுகிறது. இரண்டையும் ஆள்பவர் விளக்கம் தரக் கடமைப்பட்டவர்.

இதற்கொரு தடை எழுப்பலாம். அனுபவம் சொல்லில் அடங்காது. தேனின் சுவையை உண்ணாதவனுக்கு எப்படி விளக்குவது என்பர். தேனின் சுவையை விளக்க முடியாதுதான். ஆனால் தேன் விற்பவன் விலையைச் சொல்லத்தான் வேண்டும்! அனுபவம் அடங்காதென்பது உண்மை. அவ்வனுபவத்தின் பேரால் என்னிடம் என்ன கேட்கப்படுகிறது என்பது சொல்லில் அடங்கும். 922இல் பக்தாதில் கொல்லப்பட்ட ஹல்லாஜின் "அனல் ஹக்" என்ற கூற்றைப் பற்றி நூற்றாண்டுகளாக வாதிடுகின்றனர். நானே மெய்ப்பொருள் என்று அவர் தம்மை உயர்த்தினாரா, நான் என்பதே இல்லை என்று தம்மை அழித்தாரா? எனக்குத் தெரிந்த மட்டில் அச்சொல்லால் அவர் எவருடைய வீட்டையும் முறிக்கவில்லை. அவர் கொலையில் அக்கால அரசியலும் கலந்திருந்தது என வரலாற்றாசிரியர் கூறுவதையும் மறத்தலாகாது.

தீர்ப்பளிக்கும் பக்கத்தாருக்கும் நம் மரபிலேயே ஒரு கைவிளக்கு உண்டு. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி "பைஸலுத் தப்ரிகா" என்ற சிறு நூலை இதற்கெனவே எழுதினார். ஒரு பொருள் உண்டு என்பதை ஐந்து நிலைகளில் கூறலாம்: தன்னளவில் உளது, புலனுக்குத் தோன்றுவது, கற்பனையில் உளது, அறிவில் உளது, ஒப்புமையால் உளது. இவற்றுள் ஏதேனும் ஒரு நிலையில் வேதவாக்கை உண்மையென ஏற்பவரை, அதனைப் பொய்ப்படுத்தியவர் என்று தீர்த்துவிடலாகாது என்பது அவர் வாதத்தின் சாரம். கஸ்ஸாலி தாமும் சிலரை இறைமறுப்பாளர் எனத் தீர்த்தவர்தான். தத்துவவாதிகள் மீது அவர் காட்டிய கடுமை பிரசித்தம். ஆயினும் முதலில் எந்நிலையில் சொன்னாய் என்று கேள் என அவர் விதித்த ஒழுங்கு எங்கள் முற்றத்தில் எவராலும் பின்பற்றப்படவில்லை. சிறிய தந்தையார் கேட்கவில்லை, பாட்டனார் சொல்லவில்லை.

அதனால் நான் கேட்டேன். பல்கலைக்கழக முதலாம் வருட விடுமுறையில், அவர் நோயுற்றுக் கட்டிலில் இருந்த காலம். "எல்லாம் அவனே எண்டு சொல்றீங்களே, என்ன கருத்து?" என்றேன். நெடுநேரம் கூரையைப் பார்த்திருந்தார். பின்பு, "என்ட எண்டு சொல்லிக்கிற ஒண்டுமில்ல மகன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்றார். ஷைகு வேறு விளக்கம் சொல்லியிருக்கக்கூடும் என்றும், அது தமக்கு எட்டவில்லை என்றும் சேர்த்துச் சொன்னார். நாற்பது ஆண்டுகள் ஓர் ஊரையும் ஒரு மகனையும் எதிர்நிறுத்திய வாசகம் இதுதானா என்று எனக்கு அழுகை வந்தது. சற்றுக் கோபமும் வந்தது.

சிறிய தந்தையாரிடம் போய் அதனை அப்படியே ஒப்புவித்தேன். "இத அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றார். "நீங்க கேக்கலியே" என்றேன். பதில் சொல்லவில்லை. ஷைகின் விளக்கம் என்ன என்று மட்டும் சற்றுக் கழித்துக் கேட்டார்; எனக்குத் தெரியாது என்றேன். அடுத்த ஹஜ்ஜுப் பெருநாளில் எழுந்து அறுக்கும் நிலையில் பாட்டனார் இல்லை. கத்தியில் கைவைத்துப் பிஸ்மி சொல்ல மட்டும் அவரைத் தாங்கிப் பிடித்தோம். எங்கள் வீட்டுப் பங்கைச் சிறிய தந்தையார் வீட்டுக்கு எடுத்துச் சென்றவன் நான். வாசலுக்கு வந்து அவரே வாங்கிக்கொண்டார். சமைத்தார்களா என்று நான் கேட்கவில்லை.